பின்னால் மட்டும் பெரிய டயர்

எனக்கு அளவு பார்ப்பதுதான் தொழில். எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். லேத்தில் கடைந்து வரும் இரும்புத் தண்டுகளை மைக்ரோமீட்டரில் கவ்விப் பார்ப்பேன். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் மூன்று பங்கு கூடியிருந்தால்கூடச் சிவப்புப் பெயிண்ட்டைத் தடவி ஒதுக்கிவிடுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறான் என்று ஆபரேட்டர்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். முகத்துக்கு நேரே பேசினால் சண்டைக்குப் போவேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கி வாங்கி, என் பக்கம் தப்பே இருக்காது என்ற எண்ணம் எப்படியோ ஊறிப்போயிருந்தது.

அப்படிப்பட்டவன் என் சொந்த ஜீப்பில் ஒரு துண்டுக் கயிற்றால் அளந்து தெரிந்துகொள்ளக்கூடிய விஷயத்தை அளக்காமல் விட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். என் மனைவி கிருஷ்ணகிரியில் பிறந்து வளர்ந்தவள், அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நெடுஞ்சாலையோரம் குருபரப்பள்ளியில், ஒரு சிமென்ட் கடைக்குப் பின்கட்டில் குடியிருந்தோம். எனக்குக் கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்கும். அவளுக்குப் பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. அந்த வருடம் ஜூன் மாதம் அவளை மாற்றிவிட்டார்கள். வேப்பனப்பள்ளியைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய மலையடியில் ஒரு சின்ன ஊர். பஸ் போகும் இடத்திலிருந்து நான்கு மைல் மண் தடம். காலையில் முதல் பஸ்ஸே பத்தரை மணிக்குத்தான் போய்ச் சேரும். பள்ளிக்கூட மணி ஒன்பதரைக்கு.

உத்தரவுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, குழம்பைக் கிளறியபடியே அவள் சொன்னாள்: "அங்கயே ஒரு ரூம் பாத்துக்கறன். சனிக்கெழம சாயந்தரம் வந்துட்டு ஞாயித்துக்கெழம போறன். ரெண்டு வருசந்தானுங்க, அதுக்கப்புறம் கேட்டா மாத்திக் குடுத்துருவாங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. பாம்பு பூச்சி உள்ள இடம் என்றேன். அரிசி எங்கே வாங்குவாய் என்றேன். என் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்றேன். எல்லாம் சாக்கு. உண்மையான காரணம் வேறு. கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் ஓசூரில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்திருக்கிறேன். ஆளுக்கொரு ஷிஃப்ட். ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுப்பான். மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகும்போது வயிற்றில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் இன்னொரு முறை விழ எனக்குத் தெம்பில்லை. அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைய எனக்குப் பயம். இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும். ஆம்பளை எப்படிச் சொல்வான்? "ரூமெல்லாம் வேண்டாம். தினமும் நானே கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

"எதுலங்க?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஜீப் வந்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் வியாபாரி தோப்புகளுக்குப் போய்வர வைத்திருந்த பழைய ராணுவ ஜீப் அது. பட்டாளத்தில் கழித்துக் கட்டி ஏலம் விட்டது. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டியிருந்தார்கள். கிளப்பினால் வயல் கிணற்றில் பம்புசெட் ஓடுகிற மாதிரி சத்தம். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி இருக்கும். அதைத் தள்ளினால் பின் சக்கரத்தோடு முன் சக்கரத்துக்கும் இன்ஜினின் இழுவை போகும். எந்தச் சேறாக இருந்தாலும் ஏறிவிடும் என்றார் வியாபாரி. அந்தக் குட்டிக் கம்பியைத் தள்ளிப் பார்த்த நிமிடமே எனக்கு அந்த வண்டி மேல் ஆசை வந்துவிட்டது. மனைவிக்காக வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

அடுத்தது ஷிஃப்ட். எங்கள் கம்பெனியில் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். காலையில் அவளை விட வேண்டுமென்றால் எனக்கு நிரந்தரமாக இரண்டாவது ஷிஃப்ட் வேண்டும். மதியம் இரண்டரைக்குப் போய் இரவு பதினொன்றுக்கு முடிவது. குடும்பஸ்தன் எவனும் விரும்பாத ஷிஃப்ட். கேட்டதும் எனக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு என் சக ஊழியர்கள் டீ வாங்கித் தந்தார்கள். பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக எண்ணம்.

ஆக, காலை எட்டு மணிக்குக் கிளம்புவோம். ஒன்றேகால் மணி நேரம். அவளை இறக்கிவிட்டு உடனே திருப்பிக்கொண்டு வந்து, சாப்பிட்டு, ஒன்றேகாலுக்குக் கம்பெனி பஸ் பிடிப்பேன். சாயங்காலம் அவள் நான்கு மைல் இறங்கி நடந்து வந்து பஸ் ஏறி, ஆறரைக்கு வீட்டுக்கு வருவாள். நான் வரும்போது தூங்கியிருப்பாள். எனக்கான சோறு மூடி வைத்திருக்கும். வீடு பூட்டியில்லை, உள்ளே ஆள் இருக்கிறது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஜூலை முழுக்கத் தடம் காய்ந்திருந்தது, பிரச்சினை இல்லை. ஆகஸ்டில் மழை பிடித்ததும் தொல்லை ஆரம்பித்தது. அந்தத் தடத்தில் டிராக்டர்கள்தான் போகும். அவற்றின் சக்கரம் பட்டுப் பட்டு இரண்டு பக்கமும் ஆழமாகக் குழி விழுந்து, நடுவில் மண் வரப்பு மாதிரி உயர்ந்து நின்றது. என் ஜீப்புக்குப் பின் அச்சின் நடுவில் உருண்டையாக ஒரு பல்சக்கரப் பெட்டி தொங்கும். அது அந்த மண்மேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். சக்கரம் குழிக்குள் சும்மா சுற்றும். நான் இறங்கி மண்வெட்டியால் மேட்டைச் சீவுவேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாதது எனக்கு எரிச்சலாக இருக்கும். இரண்டு முறை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நெடுஞ்சாலையில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு டயர் கடை இருந்தது. நடத்தியவர் ஒரு பாய், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுவது, பழைய டயர் வாங்கி விற்பது அவர் வியாபாரம். ஓய்வு நாளில் அவர் கடை வாசலில் கிடக்கும் டயர் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அச்சு தரையில தட்டுதுன்னா டயரப் பெருசாக்கணும் சார்" என்றார். "உங்களுது ஆறு இஞ்ச் அகலம், பதினாறு ரிம். இதே ரிம்முல ஏழரை இஞ்ச் அகல டயர் உக்காரும். அகலம் கூடுனா ஒசரமும் கூடும். வண்டி ஒன்றரை இஞ்ச் மேல ஏறிரும்."

"நாலு இருக்கா பாய்?"

"ரெண்டு இருக்கு. டெம்போவுல இருந்து கழட்டுனது, பட்டன் தேயாம நல்லா இருக்கு. நாலு எதுக்கு சார்? முன்னாடி மாட்டுனீங்கன்னா ஸ்டேரிங் ஒடிக்கறப்ப மட்கார்டுல ஒரசும். உங்களுக்குத் தட்டறது பின்னாடி அச்சுதான?"

நான் யோசித்தேன். யோசிப்பதுபோல் நின்றேன் என்பதே சரி. முன்னால் சின்னது, பின்னால் பெரியது. ஏதோ நெருடியது. அப்போது சாலையில் ஒரு டிராக்டர் புளி மூட்டை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனது. பாய் அதைக் கையால் காட்டினார்.

"அந்தா பாருங்க. அதுல முன்னாடி எம்புட்டு, பின்னாடி எம்புட்டு? அது போவாத சேறா?"

அவ்வளவுதான், என் நெருடல் போய்விட்டது. அந்தத் தடத்தில் நான் புதைந்து நிற்கும்போதெல்லாம் என்னைத் தாண்டிப் போனது டிராக்டர்தானே. அந்த வட்டாரத்தில் சேற்றைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் டிராக்டர்தான் பதில். அன்று அங்கே டீ குடிக்க ஒதுங்கிய லாரி டிரைவரும் தலையாட்டினார். சிமென்ட் கடைக்காரரும் வந்து பார்த்து, ஆமாம் அதுதான் சரி என்றார். நான்கு பேர் சேர்ந்து தப்புச் செய்யும்போது அது தப்பு மாதிரியே தெரிவதில்லை. கடப்பாரையால் பழைய டயரை நெம்பி எடுத்து, ட்யூபுக்குப் பவுடர் தூவி, சுத்தியலால் தட்டித் தட்டி உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஜீப் முன்பக்கம் தணிந்து, முட்டப் போகிற கிடா மாதிரி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தாள்.

"நல்லாத்தாங்க இருக்குது" என்றாள். அதற்கு மேல் எதையோ சொல்ல வந்து, நான் டயரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஆறு வாரம் ராஜா மாதிரி போனோம். அச்சு தட்டவில்லை. பெரிய டயரின் பிடியே போதுமாக இருந்ததால் குட்டிக் கம்பியைத் தொடும் வேலையே வரவில்லை. ஒரு நாள்கூட அவள் தாமதமாகப் போகவில்லை. கேன்டீனில் என் டயர்களைப் பற்றித்தான் பேச்சு. அளவு தெரிந்தவன் செய்தால் எப்படி இருக்கும் பார் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் பெய்தது. அந்த வாரம் வியாழக்கிழமை அவள் பள்ளிக்கு ஆண்டு ஆய்வு. அதிகாரி வந்து பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பார், பதிவேடுகளைப் பார்ப்பார். டீச்சர் முதல் மணிக்கு முன்பே இருந்தாக வேண்டும். பதிவேடுகளைப் பாலிதீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. ஏழரைக்கே கிளம்பிவிட்டோம்.

தடத்தில் முதல் மைல் களிமண். பெரிய டயரும் வழுக்கியது. அதனாலென்ன என்று குட்டிக் கம்பியைத் தள்ளினேன். முன் சக்கரமும் இழுத்தது. வண்டி மண்ணை வாரி இறைத்துக்கொண்டு ஏறியது. அவளைத் திரும்பிப் பார்த்தேன், எப்படி என்கிற மாதிரி. அவள் முன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

களிமண் முடிந்ததும் ஓடை. ஓடையைத் தாண்டினால் வெறும் பாறைச் சரிவு, அரை ஃபர்லாங். குட்டிக் கம்பியைப் பின்னுக்கு எடுக்காமல் அப்படியே பாறையில் ஏற்றினேன். ஸ்டியரிங் கல் மாதிரி கனத்தது. வண்டிக்குள் எங்கோ கயிறு முறுக்குகிற மாதிரி ஒரு முனகல். வேகம் தானாகக் குறைந்தது. ஏதோ பிடித்து இழுக்கிறதே என்று கம்பியைப் பின்னால் இழுத்தேன், அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், அப்போதும் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் செய்வது ஒன்றுதான், இன்னும் அழுத்துவேன். ஆக்சிலேட்டரை அழுத்தினேன். அடியில் 'டக்' என்று ஓர் ஓசை கேட்டு, பின்னாலேயே இரும்பு உடைந்து தொங்கி அடிக்கும் சத்தம் வந்தது. நிறுத்திவிட்டேன்.

மணி எட்டரை. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் இரண்டரை மைல். நான் வண்டிக்கு அடியில் குனிந்தேன். முன் அச்சுக்கு இழுவை கொண்டுபோகும் தண்டின் முனையில் இருக்கிற கிராஸ் என்கிற சிலுவை இணைப்பு உடைந்து, தண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறு, ஏதாச்சும் பண்ணுறேன்" என்றேன் அடியிலிருந்தே.

 வெளியே வந்து பார்த்தால், அவள் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். பாறைக்கு இடப்பக்கம் ஆடுகள் ஏறும் ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை.

"இது சுருக்கு வழிங்க. மேட்டுல ஏறி எறங்குனா ஒரு மைலுகூட வராது" என்றாள். "சாயந்தரம் நான் தெனமும் இதுலதான் வர்றன். நீங்க வண்டியப் பாருங்க."

பதிவேட்டுப் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள். விறுவிறுவென்று போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு முன்பே பள்ளியில் இருந்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் வண்டியில் கொண்டுபோய்விட்ட எந்த நாளிலும் அவள் அவ்வளவு சீக்கிரம் போனதில்லை.

அரை மணி கழித்து மேலேயிருந்து ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டியவர் அந்த ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும். இறங்கி வந்து ஜீப்பை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏமி சார் இது? முன்னாடி ஒரு சைசு, பின்னாடி ஒரு சைசு?"

"ஏங்க, டிராக்டர்ல அப்படித்தானே இருக்கு?" என்றேன். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"டிராக்டர்ல முன் சக்கரம் இழுக்காது சார், சும்மா உருளுது. அதுக்கு எந்த சைசா இருந்தா என்னா? உங்களுதுல முன்னும் பின்னும் ஒரே பெட்டில இருந்து சுத்துதே. பெருசு ஒரு சுத்து சுத்துனா, சின்னது அம்புட்டு தூரம் போவ முடியாதே. சேத்துல வழுக்கிக்கிட்டு சமாளிக்கும். பாறைல எங்க வழுக்கறது?"

அவர் டிரெய்லரில் கிடந்த கயிற்றை வாங்கினேன். பின் டயரைச் சுற்றிப் பிடித்து முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை முன் டயரில் சுற்றினேன். ஒரு சாணுக்கு மேல் மிஞ்சியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சாண். நூறில் மூன்று பங்கு மில்லிமீட்டருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தவன் அந்தக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். என் ஆபரேட்டர்கள் பார்த்திருந்தால் மாலை போட்டு ஊர்வலம் விட்டிருப்பார்கள்.

தண்டைக் கழற்ற இடம் கிடைக்கும்படி அவர் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார்.  தண்டு உடைந்ததில் முறுக்கு விட்டுப்போய், அதுவரை அசையாத குட்டிக் கம்பி ஒரு விரலுக்கு வந்துவிட்டது. தொங்கிய தண்டைக் கழற்றி உள்ளே போட்டேன். பின் சக்கர இழுவையிலேயே வண்டியை மெதுவாக இறக்கலாம் என்றார். போகும்போது, ரொம்பச் சாதாரணமாக, "டீச்சரம்மாவுக்கு ரூம் வெள்ளையடிச்சு வெச்சாச்சுன்னு எங்க வீட்ல சொல்லச் சொன்னாங்க சார்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியாத மாதிரியும் எல்லாம் புரிந்த மாதிரியும் இருந்தது. தலையாட்டிவிட்டேன்.

வீடு வந்து சேரும்போது மணி இரண்டு. கம்பெனி பஸ் போயிருந்தது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக ஒரு வேலை நாளின் சாயங்காலம் நான் வீட்டில் இருந்தேன். ஆறரைக்குக் கதவைத் திறந்து உள்ளே வந்தவள் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றாள். சொந்த வீட்டில் புருஷனைப் பார்த்து ஒரு பெண் திடுக்கிடுகிறாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் வேறு கோபத்தில் இருந்தேன்.

"ரூம் கேட்டியாமே" என்றேன்.

பையை ஆணியில் மாட்டினாள். கை கால் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "கேட்டன். போன மாசமே கேட்டன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னனுங்க. ஜீப்புல வர்றப்ப ரெண்டு நாள் சொன்னன். நீங்க ரோட்டப் பாத்துக்கிட்டு தலையாட்டுனீங்க. இன்ஜின் சத்தத்துல கேட்டுச்சோ என்னமோ. வேற எப்ப சொல்றது? நீங்க வர்றப்ப நான் தூங்கிடறன். நான் எந்திரிக்கறப்ப நீங்க தூங்கறீங்க. லீவு நாள்லயும் நீங்க பாய் கடையில. நமக்குன்னு இருக்கறது அந்த ஒன்னேகா மணி நேரந்தான். அதுலயும் நீங்க வண்டியோட இருக்கறீங்க."

நான் பேச்சை டயர் பக்கம் திருப்பிவிட்டேன். அதுதான் எனக்குத் தெரிந்த இடம். "தப்பு எதுன்னு தெரிஞ்சுபோச்சு. முன்னாடியும் அதே சைஸ் போட்டுட்டா சரியாயிரும். மட்கார்டைக் கொஞ்சம் வெட்டி விட்டா உரசாது. பாயிட்ட நாளைக்கே சொல்லி…"

"ஏங்க" என்றாள். நிறுத்தினேன். அவள் குரல் உயரவில்லை. "டயர் எதுக்கு மாத்தணும்? நான் அங்க ரூம் எடுத்துத் தங்கக் கூடாதுன்னுதான?"

"நீ இங்க இருக்கணும்னுதான்."

"நான் இங்கதான் இருக்கறன். அஞ்சு மாசமா தெனமும் ஆறரைக்கு வந்துடறன். நீங்கதான் இல்ல. என்னைய வீட்ல வெச்சுக்கணும்னு நீங்க வீட்ட விட்டுப் போயிட்டீங்க."

வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.    அப்போதுதான், ஜூனிலேயே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். எட்டு வருடம் அந்த அறையில் இருந்ததை, பூட்டைத் திறக்கும்போது வயிற்றில் விழும் பள்ளத்தை, அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைய எனக்குப் பயம் என்பதை.  அவள் முன்னால் அப்படி நான் பேசியதே இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத அன்னிக்கே சொல்லி இருந்தீங்கன்னா நான் மெடிக்கல் லீவு போட்டாவது மாத்தலுக்கு அலஞ்சிருப்பன்" என்றாள். "இப்ப முடியாதுங்க. இன்னிக்கு அந்த அதிகாரி வந்து, ரெண்டாங்கிளாஸ் பையன் ஒருத்தனப் படிக்கச் சொன்னாரு. தெலுங்கு பேசற வூட்டுப் பையன். ஜூன்ல ஒரு எழுத்து தெரியாது. கடகடன்னு படிச்சான். அதுங்கள வுட்டுட்டு என்னால வர முடியாது. மழைக்காலம் முடியற வரைக்கும் அங்க இருக்கறன். நீங்க பழையபடி ஷிஃப்ட்ட மாத்திக்குங்க. சனிக்கெழம நான் வர்றன். முடிஞ்சா நீங்க வாங்க, பஸ்ல."

நான் சரி என்றேன்.  அன்று இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். யார் யார் எந்த வீடு, எவன் குறும்பு, எவளுக்குக் கணக்கு வரும். அந்தத் தடத்தில் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். அவள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று அன்றுதான் தெரியும்.

டயர்களைப் பாயிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் ரொம்பச் சங்கடப்பட்டார். "டிராக்டரக் காட்டுனது நான்தான சார்" என்றார். பார்த்துத் தலையாட்டியது நான்தானே என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த டிராக்டர்க்காரர் கொள்ளு மூட்டை இறக்க நெடுஞ்சாலைக்கு வந்தார். திரும்பும்போது டிரெய்லரில் அவளுடைய டிரங்குப் பெட்டி, ஸ்டவ், பாய் தலையணை எல்லாவற்றையும் ஏற்றினோம். நானும் கூடப் போனேன். அறையில் வெள்ளையடித்த வாசனை போகவில்லை. ஆணி அடித்துக் கொடி கட்டிக் கொடுத்தேன். ஸ்டவ்வுக்குத் திரி மாற்றினேன். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றானதும் கிளம்பினேன். ஒற்றையடிப் பாதையின் தொடக்கம் வரை வந்தாள். "பாத்து எறங்குங்க, எடது பக்கமா கால வைங்க" என்றாள். அவள் காட்டிய வழியில் இறங்கிக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை. பூட்டைத் திறந்தேன். விளக்கைப் போட்டேன். காலையில் கிளம்பும்முன் எனக்கு அவள் சோறு வடித்து, அவரைக்காய்க் குழம்பு வைத்துவிட்டுப் போயிருந்தாள். மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு சோறு, ஒரு கரண்டி கூடாமல் குறையாமல் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏழு மணிக்குத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாலைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எதிரே யாரும் இல்லை. ஐந்து மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும் அவள் சாப்பிட்ட சாப்பாடு இதுதான் என்று முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது.